அற்புதத்துக்குச் சாட்சி இருந்தால் அது வரலாறாகிவிடுமா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகி பள்ளி ஆசிரியை, வரலாறு படித்தவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரு சமயச் சபையைச் சேர்ந்தது. சபையை நிறுவிய பெரியவர் காலமாகி 41 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய நூற்றாண்டு மலருக்கு வாசகிதான் பதிப்பாசிரியர். மலர்க் குழுவின் தலைவர் அவருடைய அப்பா. "வரலாற்றுச் சான்றுகளால் நிரூபிக்கப்பட்ட அற்புதங்கள்" என்று ஓர் அத்தியாயம் வேண்டும் என்று குழு முடிவெடுத்திருக்கிறது.

அதில் வரவேண்டியவை மூன்று. மருத்துவர்கள் கைவிட்ட ஒன்பது வயதுச் சிறுமி பெரியவரின் பிரார்த்தனையால் பிழைத்தது. ஒரே மாலையில் பெரியவர் இரண்டு ஊர்களில் காணப்பட்டது. அடக்கத்தன்று இரவு 500 பேர் வானில் ஒளியைக் கண்டது. கையிலுள்ள ஆவணங்கள்: பெரியவர் மறைந்து ஆறு ஆண்டு கழித்து அச்சான ஒரு கையேடு, 25 ஆண்டு கழித்து எழுதி வாங்கிய 14 வாக்குமூலங்கள், ஒரு டாக்டரின் கடிதம்.

"500 பேர் பார்த்தது கோர்ட்டிலேயே நிற்கும்" என்கிறார் அப்பா. "தத்துவவாதி ஹ்யூம் 1748லேயே இதற்கெல்லாம் முடிவு கட்டிவிட்டார், விசாரிக்கவே தேவையில்லை" என்கிறார் தம்பி. அற்புதங்களை வரலாற்றுச் சான்றாகச் சோதிக்க முடியுமா, அப்படிச் சோதிப்பது அவமதிப்பாகுமா, சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்று வாசகி கேட்கிறார்.

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தச் சமயம் என்று குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். பதில் சொல்ல அது தேவையும் இல்லை. கீழே வரும் சோதனைகள் எந்தச் சமயத்து அற்புதத்துக்கும் ஒன்றுதான். ஆளுக்கொரு அளவுகோல் என்றால் அது சோதனையே அல்ல.

சோதிக்க முடியும், முழுவதையும் அல்ல. "பெரியவர் அருளால் அந்தச் சிறுமி பிழைத்தாள்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. சிறுமி நோயுற்றிருந்தாள், பிறகு குணமானாள் என்பது ஒன்று. அந்தக் குணத்துக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்பது இரண்டு. அதைச் செய்தது பெரியவரின் அருள் என்பது மூன்று. முதலாவதை வரலாற்று முறையில் நன்றாகவே சோதிக்கலாம். இரண்டாவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டியவர் அந்தத் துறை வல்லுநர். அவராலும் ஆவணம் இருந்தால்தான் சொல்ல முடியும். மூன்றாவதைத் தொட வரலாற்றாசிரியரிடம் கருவி கிடையாது. இறைவன் எப்போது தலையிடுவார், எப்போது தலையிடமாட்டார் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு ஒன்று இருந்தால்தானே "இது அவர் செயலாக இருக்க இத்தனை வாய்ப்பு" என்று எடைபோட முடியும்? அப்படி ஒன்று இல்லை.

இந்தப் பிரிவினையை நாத்திகர்கள் கண்டுபிடித்ததாக அப்பா நினைக்கலாம். பிரான்சின் லூர்து நகரில், குணமடைந்ததாகச் சொல்பவர்களைப் பரிசோதிக்க 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. கத்தோலிக்கத் திருத்தலத்தின் அலுவலகம்தான் அது. அங்கே குணமடைந்ததாகப் பதிவானவை 7,000க்கு மேல். அற்புதம் என்று திருச்சபை ஏற்றவை 70ஐச் சற்றே தாண்டும். மருத்துவர்கள் ஒருபோதும் "அற்புதம்" என்று எழுதுவதில்லை. "இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியாதது" என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதற்கு மேல் சொல்வது ஆயரின் பொறுப்பு. நம்பிக்கையுள்ளவர்களே வகுத்துக்கொண்ட எல்லை இது. ஆகவே சோதிப்பது அவமதிப்பாகுமா என்ற உங்கள் தயக்கத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

"500 பேர் பார்த்தார்கள்" என்பது எத்தனை சாட்சி?

உங்கள் நகல்களில் 500 என்ற எண் கையேட்டின் 31ஆம் பக்கத்தில்தான் முதலில் வருகிறது. எழுதியவர் எண்ணினாரா, கேள்விப்பட்டாரா என்பது அதில் இல்லை. ஆகவே உங்களிடம் இருப்பது 500 சாட்சிகள் அல்ல. 500 பேர் பார்த்ததாகச் சொல்லும் ஒரு சாட்சி. நீதிமன்றம் இதைச் செவிவழிச் செய்தி என்று ஒதுக்கும். வரலாற்றாசிரியர் ஒதுக்கமாட்டார். ஆனால் அதன் எடை ஒருவர் சொல்லின் எடைதான் என்று குறித்துக்கொள்வார்.

அந்த 14 வாக்குமூலங்களை வரிசையாகப் படித்தால் இன்னொன்று தட்டுப்படுகிறது. நான்கு, ஏழு, ஒன்பது ஆகிய மூன்றிலும் "முழுநிலவையும் மங்கச் செய்த ஒளி" என்ற சொற்றொடர் அப்படியே இருக்கிறது. கையேட்டிலும் அதே சொற்கள். ஆனால் அதே கையேட்டின் முதல் பக்கம், பெரியவர் அடக்கமான நாள் அமாவாசைக்கு மறுநாள் என்கிறது. மங்குவதற்கு அன்று வானில் நிலவே இல்லை! இந்த மூவரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அன்றிரவு அவர்கள் உண்மையிலேயே எதையோ பார்த்திருக்கலாம். ஆனால் எழுதும்போது கையேட்டின் வாசகம் அவர்கள் நினைவின் மேல் படிந்துவிட்டது. சரியான விவரத்தில் பலர் ஒத்துப்போவது இயல்பு, ஏனென்றால் உண்மை ஒன்றுதான். ஒரே தவற்றில் ஒத்துப்போனால் மூலம் ஒன்று என்று பொருள். ஏடுகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர்கள் எது எதைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

இது ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று தொடங்குங்கள். ஒரு நல்ல சாட்சி அந்த வாய்ப்பைப் பத்து மடங்காக்குகிறார் என்று வையுங்கள். ஒருவரோடொருவர் பேசாத ஆறு சாட்சிகள் சொன்னால் பத்து லட்சம் மடங்கு கூடி, நடந்ததா இல்லையா என்பது சரிபாதிக்கு வந்துவிடும். ஏழாவது ஆள் வந்தால் நடந்த பக்கமே தராசு சாயும். அதே ஆறு பேரும் ஒரே கையேட்டைப் படித்துவிட்டுச் சொல்பவர்கள் என்றால் ஆறு பேருக்கும் சேர்த்துப் பத்து மடங்குதான். வாய்ப்பு லட்சத்தில் ஒன்றோடு நின்றுவிடும்.

தம்பிக்கும் இதே கணக்கைக் காட்டுங்கள். கணினியின் முன்னோடி என்று நாம் அறியும் சார்லஸ் பாபேஜ் 1837இல் ஹ்யூமுக்குச் சொன்ன மறுப்பின் சாரம் இதுதான்: ஒன்றையொன்று சாராத சாட்சிகள் போதிய அளவு சேர்ந்தால், எவ்வளவு அரிய நிகழ்ச்சியையும் நம்பவைக்க முடியும். ஹ்யூம் சொன்னதும் தம்பி நினைப்பதுபோல் "விசாரிக்காதே" என்பதல்ல. ஒரு சாட்சியம் பொய்யாக இருப்பது, அது சொல்லும் அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டுமே அந்தச் சாட்சியம் போதும் என்றார். மிகக் கடுமையான அளவுதான். ஆனால் எடைபோடாமல் எப்படித் தெரியும்? விசாரிக்கத் தேவையில்லை என்பவரும் விசாரிக்கக் கூடாது என்பவரும் ஒரே வேலையைத்தான் மிச்சப்படுத்திக்கொள்கிறார்கள்.

எல்லாச் சாட்சியமும் நல்லதாகவே இருந்தால்கூட எது நிரூபணமாகிறது என்று பார்க்க வேண்டும். போர்ச்சுகலின் பாத்திமாவில் 1917 அக்டோபர் 13 அன்று பல்லாயிரம் பேர் கூடியிருந்தபோது சூரியன் ஆடியதாகவும் சுழன்றதாகவும் பலர் சொன்னார்கள். அங்கே இருந்த நிருபரின் செய்தி லிஸ்பன் நாளிதழில் இரண்டே நாளில் வந்துவிட்டது. உங்கள் கையேட்டைவிட எவ்வளவோ மேலான ஆவணம் இது. கூட்டத்தில் பலருக்கு அசாதாரணமான ஒரு காட்சி அனுபவம் ஏற்பட்டது என்பதை இதைக் கொண்டு ஏற்கலாம். சூரியன் அசைந்தது என்று ஏற்க முடியாது. அதே சூரியனை அந்நேரம் பாதி உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த வானாய்வகமும் எதையும் பதியவில்லை. சூரியனை உற்று நோக்கினால் நிறமும் அசைவும் தெரிவது கண்ணின் இயல்பு. உங்கள் ஒளிக்கும் இதே கேள்விகள்தான்: எந்தத் திசை, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், அங்கே இருந்தும் எதையும் பார்க்காதவர் யார்? இந்தக் கடைசி வகை ஆட்களை மலர்க் குழுக்கள் தேடுவதே இல்லை.

நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி

ஒவ்வொரு அற்புதத்துக்கும் நான்கு பத்தியில் ஓர் அட்டவணை போடுங்கள்: நடந்ததாகச் சொல்லும் நாள், அதைச் சொல்லும் முதல் எழுத்தின் நாள், எழுதியவர் யார், அவருக்கு எப்படித் தெரியும். பிறகு ஆவணங்களைக் கால வரிசையில் அடுக்கி, எந்த விவரம் எந்த ஆண்டில் புதிதாக நுழைகிறது என்று பாருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் சேவியர் நல்ல உதாரணம். 1622இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, படிக்காமலே பல மொழி பேசும் வரம் பெற்றவர் என்ற செய்தி அவர் வரலாற்றில் வேரூன்றிவிட்டது. அவருடைய சொந்தக் கடிதங்களோ வேறு கதை சொல்கின்றன. முத்துக்குளித்துறையிலிருந்து திரும்பியபின் 1544இல் எழுதும்போது, தமிழும் தன் மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து, பாடுபட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டதை விவரிக்கிறார். 1549இல் ஜப்பானிலிருந்து, மொழி புரியாமல் சிலைகள்போல் நிற்கிறோம் என்கிறார். இங்கே யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. மறைந்தவர் மேல் இருந்த மதிப்பு, முன்பு இல்லாத விவரங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் பெரியவரே எழுதிய கடிதமோ டைரியோ இருந்தால் 14 வாக்குமூலங்களுக்கும் முன்னால் அதைப் படியுங்கள்.

"ஆறே வருஷத்தில் கட்டுக்கதை முளைக்குமா?" என்று குழுவில் கேட்பார்கள். முளைக்கும். 1665இல் சப்தாய் செவி என்ற யூதர், தம் மக்கள் எதிர்பார்த்த மெசியா (மீட்பர்) என்று அறிவிக்கப்பட்டபோது, அவர் உயிரோடு இருக்கையிலேயே அற்புதச் செய்திகள் கடிதம் கடிதமாக ஐரோப்பா எங்கும் பரவின. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மதம் மாறிய பிறகும் சிலர் நம்பிக்கையை விடவில்லை. தலைமுறைக் கணக்கெல்லாம் தேவையில்லை; ஆவலும் தூரமும் இருந்தால் சில மாதம் போதும்.

25 ஆண்டு கழித்து வாங்கிய வாக்குமூலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேட்டோம் என்று மாணவர்களை எழுதச் சொன்னார்கள் உளவியலாளர்கள். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரை மறுபடி கேட்டபோது, 11 பேரின் விடை எல்லா முக்கிய விவரங்களிலும் தவறு. தங்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. தவறாகச் சொன்னவர்களில் பலர் மிக உறுதியாகவும் சொன்னார்கள். ஆகவே "நேற்று நடந்ததுபோல் கண்ணில் நிற்கிறது" என்பது சாட்சியின் நேர்மைக்கு அடையாளமாக இருக்கலாம், துல்லியத்துக்கு அல்ல.

"பொய் சொல்ல அவர்களுக்கு என்ன தேவை?"

அப்பாவின் வலுவான வாதம் இது. வலு இருக்கிறது, ஆனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க வேண்டும். ரோமப் பேரரசன் வெஸ்பேசியன் அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு பார்வையற்றவரையும் கை முடங்கிய ஒருவரையும் குணமாக்கியதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பொய் சொல்லி இனி எந்த ஆதாயமும் இல்லாத காலத்திலும், நேரில் கண்டவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். அப்பாவின் வாதத்தை அப்படியே வைத்தால் வெஸ்பேசியனின் அற்புதத்தையும் ஏற்க வேண்டும், அவர் ஏற்பாரா? டாசிட்டஸிடம் இன்னொரு வரியும் இருக்கிறது. வெஸ்பேசியன் முதலில் மருத்துவர்களைக் கேட்டான். பார்வை முற்றிலும் அழிந்துவிடவில்லை, தடை நீங்கினால் திரும்பும் என்றார்கள். அற்புதத்தைச் சொன்னவரே அதற்கு எதிராகப் போகக்கூடிய விவரத்தையும் விட்டுவைத்திருக்கிறார். அவர் சாட்சியத்தில் எனக்கு மதிப்புக் கூடுவது இதனால்தான். உங்கள் மலரும் இப்படி இருக்கட்டும்.

கோர்ட் பற்றி ஒரு வார்த்தை. ஹார்வர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த சைமன் கிரீன்லீஃப் 1846இல் இயேசுவின் வரலாற்றைச் சாட்சிய விதிகளின்படி சோதிப்பதாக ஒரு நூல் எழுதியது முதல், "கோர்ட்டில் நிற்கும்" என்ற வாதம் பிரபலம். பழைய ஆவணம் உரிய இடத்திலிருந்து, திருத்தல் அடையாளமின்றி வந்தால் அதை மெய்யான ஆவணமாகக் கொள்ளலாம் என்ற விதியில்தான் அவர் தொடங்குகிறார். ஆனால் அந்த அனுமானம் "இது போலி ஆவணமல்ல" என்பதோடு நிற்கும். உள்ளே எழுதியிருப்பதெல்லாம் நடந்தது என்று ஆகாது. பிரமாணப் பத்திரமும் அப்படியே. கண்டதையும் கேட்டதையும் பிரமாணமாகச் சொல்லலாம். "இது இறைச்செயல்" என்பதைச் சொல்ல முடியாது, அது முடிவு. குறுக்கு விசாரணைக்கு நிற்காத பிரமாணப் பத்திரத்துக்கு நீதிமன்றத்திலேயே எடை குறைவு.

மூன்றையும் எப்படி அணுகுவது

இரண்டு ஊர்களில் காணப்பட்டது மூன்றிலும் எளிது. "அந்த மாலை முதல் ஊரில் இருந்தார்", "அந்த மாலை இரண்டாம் ஊரில் இருந்தார்" என்ற இரண்டு சாதாரணக் கூற்றுகள்தானே அது? தனித்தனியாகச் சோதியுங்கள். சபையின் வரவு செலவு நோட்டு, அந்த வாரக் கடிதங்கள், பயணச் சீட்டு, கூட்டப் பதிவேடு எல்லாம் உதவும். இத்தகைய கூற்றுகள் பெரும்பாலும் சறுக்குவது தேதியில்தான்: ஒருவர் ஒரு வாரத்தையும் இன்னொருவர் அடுத்த வாரத்தையும் நினைவு வைத்திருப்பார், பின்னால் வந்த எழுத்தாளர் இரண்டையும் ஒரே நாளாக்கிவிடுவார். உங்கள் வாக்குமூலங்களில் தேதி சொல்பவர் ஒருவர்கூட இல்லை, கிழமைதான் இருக்கிறது.

சிறுமியின் வழக்கில் டாக்டரின் கடிதம் குணமான பிறகு, குடும்பத்தார் கேட்டு எழுதியது. அதில் நோயின் பெயர் இருக்கிறது. எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று இல்லை. தேவைப்படுபவை: நோயை உறுதிசெய்த அன்றைய ஆய்வு அறிக்கை, எக்ஸ்ரே அல்லது பயாப்ஸி முடிவு, கொடுத்த மருந்துகளின் பட்டியல், டிஸ்சார்ஜ் குறிப்பு, பின்வந்த ஆண்டுகளின் பரிசோதனை. லூர்தில் பார்ப்பதும் ஏறக்குறைய இவற்றையே: நோய் கடுமையானதா, ஐயமின்றி உறுதியானதா, சிகிச்சையே குணத்துக்குக் காரணமாக இருக்குமா, குணம் திடீரென்றும் முழுமையாகவும் வந்ததா, நிலைத்ததா. "கைவிட்டார்கள்" என்பது நோயின் போக்கைப் பற்றிய மதிப்பீடு. பத்தில் ஒருவர் பிழைக்கும் நோயில் அந்த ஒருவர் பிழைப்பது மருத்துவத்துக்குள்ளேயே அடங்கும். தவறான நோயறிதல் ஒரு வாய்ப்பு. நரம்பில் சேதமில்லாமலே கை கால் செயலிழக்கும் நிலைகள் உண்டு, அவை ஒரே நாளில் சரியாவதும் உண்டு. சில புற்றுநோய்கள்கூட மிக அரிதாகத் தானே சுருங்கியிருக்கின்றன. பழைய மருத்துவமனைப் பதிவு அழிந்துபோயிருந்தால் "சோதிக்க இயலவில்லை" என்று எழுதுங்கள். "விளக்க முடியாதது" என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் வேறு.

சட்டச் சிக்கல் வரக்கூடியதும் இங்கேதான். ஒருவரின் நோய் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் அச்சிடக் கூடாது. அப்பெண் இப்போது ஐம்பதைத் தாண்டியவர். சம்மதம் தரவேண்டியவர் அவரே, அவர் தந்தை அன்று போட்ட கையெழுத்து போதாது. எழுத்தில் வாங்குங்கள், வெளியிடப்போகும் பக்கத்தைக் காட்டி வாங்குங்கள். டாக்டரின் பெயருக்கும் அவருடைய அனுமதி தேவை. நோயின் பெயரைச் சொல்லி "இங்கே வந்தால் குணமாகும்" என்ற தொனியில் ஒரு வரிகூட வேண்டாம். பல நாடுகளில் அது தண்டனைக்குரிய விளம்பரம். அதைப் படித்து யாராவது மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பொறுப்பு பதிப்பாசிரியர் மேலும் விழும்.

அத்தியாயத் தலைப்பில் "நிரூபிக்கப்பட்ட" என்ற சொல்லை எடுத்துவிட்டு "சாட்சிகளும் ஆவணங்களும்" என்று வைக்கலாம். வாக்கியங்கள் இப்படி அமையட்டும்: "அடக்கத்தன்று இரவு வானில் ஒளி தெரிந்ததாக ஆறு ஆண்டு கழித்து வந்த கையேடு கூறுகிறது. பின்னர் வாக்குமூலம் அளித்த 14 பேரில் இத்தனை பேர் தாமே பார்த்ததாகச் சொல்கிறார்கள். சபையினர் இதைப் பெரியவரின் அருள் அடையாளமாகப் போற்றுகிறார்கள்." மூன்றும் உண்மையான வாக்கியங்கள். தம்பியால் மறுக்க முடியாது, அப்பாவின் நம்பிக்கையையும் தொடவில்லை. குழு பழைய தலைப்பையே பிடிவாதமாகக் கேட்டால், அந்த அத்தியாயத்துக்கு மட்டும் வேறொருவர் பெயர் போடச் சொல்லி விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விலகுவதை எழுத்தில் கொடுங்கள்.

உயிரோடிருக்கும் சாட்சிகளை மறுபடி சந்திக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தனித்தனியாகச் சந்தியுங்கள், வீட்டார் அருகில் இருந்து எடுத்துக்கொடுக்கும்படி வேண்டாம். "ஒளி எப்படி இருந்தது?" என்று கேட்டால் ஒளி இருந்ததை நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும், "அன்றிரவு என்ன நடந்தது?" என்று தொடங்கி, குறுக்கிடாமல் முடியும்வரை கேளுங்கள். எங்கே நின்றார், பக்கத்தில் யார், முதன்முதலில் யாரிடம் சொன்னார், கையேட்டை எப்போது படித்தார் என்பதையெல்லாம் பிறகு கேட்கலாம். குரல் பதிவைத் திருத்தாமல் தேதியிட்டு வையுங்கள். கையேட்டைப் படித்ததே இல்லை என்று பன்னிரண்டாம் வாக்குமூலத்தின் அடியில் ஒரு பெரியம்மா குறிப்பிட்டிருக்கிறார், அவருக்கு இப்போது 86 வயது. அவரை முதலில் பாருங்கள். போகும்போது கையேடு உங்கள் பையில்கூட இருக்க வேண்டாம்.